டேங்கரை ஓட்டிவிடலாம், எங்கே நிறுத்துவது?

கன்னியாகுமரி மாவட்டத்து ரோட்டில் டேங்கர் லாரி ஓட்டுவதில் எது கஷ்டம் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் மார்த்தாண்டம் நெரிசலையோ ஆரல்வாய்மொழிக் காற்றையோ பதிலாக எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். இரண்டும் கஷ்டம்தான். ஆனால் பெட்ரோலோ கேஸோ ஆசிட்டோ ஏற்றிக்கொண்டு கேரள எல்லையில் களியக்காவிளையில் நுழைந்து கிழக்கே முப்பந்தல் தாண்டிப் போகிற டிரைவருக்கு மண்டை காய்கிற விஷயம் வேறு. ஒரு சாயா குடிக்க வேண்டும், ஒன்றுக்குப் போக வேண்டும், கண் சொக்குகிறது, வண்டியை எங்கே ஓரங்கட்டுவது? ஓட்டுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நிறுத்துவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் இன்றைக்கு அதை எழுதுகிறேன்.

நான் பல வருஷம் டேங்கர் ஓட்டியவன். முதுகு ஒத்துழைக்காமல் போனபிறகு நாகர்கோவிலில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் வண்டிப் பேப்பர் பார்க்கிறேன். எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், டிரைவர்களின் லைசென்ஸ், அதில் ஹசார்டு எண்டார்ஸ்மென்ட் (ஆபத்தான சரக்கு வண்டி ஓட்டலாம் என்கிற பதிவு) தேதி, இப்படி. புதிதாக வருகிற பையன்களுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுக்கிற வேலையும் எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. அவர்களுக்குச் சொல்கிறதைத்தான் இங்கேயும் சொல்கிறேன், ஆபீஸில் சொல்ல முடியாத கொஞ்சத்தையும் சேர்த்து.

சட்டத்திலிருந்து ஆரம்பிப்போம், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 என்று ஒன்று இருக்கிறது, அதில் 129 முதல் 137 வரை உள்ளவை ஆபத்தான சரக்கு பற்றியவை. 9-வது விதி டிரைவரைப் பற்றியது: ஒரு இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், மூன்று நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதன்பிறகுதான் லைசென்ஸில் எண்டார்ஸ்மென்ட். முன்பு இதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியிருந்தது, 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது மூன்று வருஷமாக்கினார்கள், புதுப்பிக்கும்போது ஒரு நாள் மறுபயிற்சி. அந்த மூன்று நாள் வகுப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் வெற்றிலை போட்டு நிற்கிறவர்களும் உண்டு, முதல் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் எழுதுகிறவர்களும் உண்டு. ரோட்டில் ஒருநாள் அது தெரிந்துவிடும்.

இந்த விதிகளில் டிரைவர்களுக்கு மிகக் குறைவாகத் தெரிந்தது 133-தான். அதில் முதல் பாதி எல்லோருக்கும் மனப்பாடம், டிரெம் கார்டு, அதாவது சரக்கின் ஆபத்தையும் அவசரத்தில் செய்ய வேண்டியதையும் எழுதிய அட்டை, கேபினில் எப்போதும் இருக்க வேண்டும் என்பது, ஏனென்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்கிற முதல் பேப்பர்களில் அது ஒன்று. இரண்டாவது பாதிதான் விஷயம். வண்டி ஓடாத நேரத்தில் தீ, வெடிப்பு, வேறு எந்த ஆபத்தும் நெருங்காத இடத்தில் அதை நிறுத்தியிருக்க வேண்டும், எந்த நேரமும் டிரைவரோ 18 வயது தாண்டிய விவரமுள்ள வேறு ஒருவரோ வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெட்ரோலிய விதிகளும் கிட்டத்தட்ட இதையே சொல்கின்றன, பெட்ரோல் வண்டியை ஆளில்லாமல் விடாதே, பொது ரோட்டிலும் நெரிசலான இடத்திலும் நெருப்புப் பக்கத்திலும் போடாதே என்று. சரி, நல்ல விதி, யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இப்போது இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு நம்ம ரோட்டைப் பாருங்கள். களியக்காவிளை, படந்தாலுமூடு, குழித்துறை, மார்த்தாண்டம், சுவாமியார்மடம், அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடை, பார்வதிபுரம். ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது, வீடும் கடையும் ஸ்கூலும் சர்ச்சும் கோயிலும் பள்ளிவாசலும் கோர்த்துக்கோர்த்து ஒரே பஜாராகத்தான் போகிறது. மதுரையிலிருந்து தெற்கே வருகிற 44-ஆம் நம்பர் ரோட்டில் பொட்டல்காடு உண்டு, ஆளரவம் இல்லாத இடமாகப் பார்த்து ஓரமாகப் போட்டுக்கொள்ளலாம். இங்கே 66-ஆம் நம்பர் ரோட்டில் அந்தக் கொடுப்பினை கிடையாது. ஓரம் என்று ஒன்று இருந்தால் அது ஒருவர் வீட்டு வாசலாகவோ பெட்டிக்கடை முற்றமாகவோ இருக்கும். நான்கு வழிச்சாலை வந்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள், அது வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது.

நிறுத்தாமலே போய்விடலாமே என்று கேட்கலாம். அதற்கும் ஒரு சட்டம் குறுக்கே நிற்கிறது, நல்லவேளையாக நிற்கிறது என்றுதான் சொல்வேன். 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது அது, 2025 நவம்பரில் அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, அதிலும் ஐந்து மணி நேரத்துக்குமேல் ஒரே மூச்சாக ஓட்டக் கூடாது, இடையில் குறைந்தது அரை மணி நேர ஓய்வு என்று அது சொன்னது. கொச்சியில் லோடு ஏற்றித் தெற்கே வருகிற ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலுக்கே ஏறக்குறைய 270 கிலோமீட்டர். டேங்கருக்கும் ஆபத்துச் சரக்கு வண்டிக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் 60-க்குமேல் போகாது. கொல்லத்து நெரிசல், திருவனந்தபுரத்து நெரிசல் எல்லாம் தாண்டி அவன் களியக்காவிளையைத் தொடும்போது உடம்பு இரண்டாவது ஓய்வைக் கேட்கிற நேரம் வந்திருக்கும். கிளீனர் கிடைப்பதே அபூர்வமாகிவிட்ட இந்தக் காலத்தில் பெரும்பாலும் தனி ஆள் வேறு. ஓய்வெடு என்று ஒரு சட்டம், இங்கே நிறுத்தாதே என்று இன்னொரு சட்டம், வண்டியைவிட்டு நகராதே என்று அதே சட்டத்தின் அடுத்த வரி. தனியாக வருகிறவன் எப்படிச் சாப்பிடுவான், எப்படிக் காலைக்கடன் கழிப்பான் என்பதை அந்த வரி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

போதாததற்கு, ஸ்கூல் நேரத்தில் கனரக வண்டிகள் வரக் கூடாது என்று அவ்வப்போது கட்டுப்பாடு போடுவார்கள். பிள்ளைகள் சைக்கிளில் போகிற நேரம், போடத்தான் வேண்டும். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் வண்டிகள் எங்கே காத்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போட்டால் என்ன? ஜல்லி லாரி, எம்சாண்ட் லாரி, அதற்குப் பின்னால் கேஸ் புல்லட் (கேஸ் ஏற்றுகிற உருளை டேங்கர்), அதற்குப் பின்னால் ஆசிட் டேங்கர் என்று வரிசையாக ஒரு ஊரின் வாயிலில் நிற்கும். பக்கத்தில் புரோட்டாக் கல்லில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

ஏன் நிற்கிற வண்டியைப் பற்றி இவ்வளவு பயம் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் சரக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்ரோல் ஆவியும் கேஸும் காற்றைவிடக் கனமானவை. சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு, பெட்ரோல் ஆவி மூன்று நான்கு மடங்கு. கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தைத் தேடிப் போகும். நம்ம மாவட்டத்தில், அதுவும் விளவங்கோடு, கல்குளம் பக்கம், ரோடு மேட்டில் ஓடும், வீடுகள் கீழே விளையில், அதாவது தோப்புக்குள், இருக்கும். படி இறங்கித்தான் முற்றத்துக்குப் போக வேண்டும். அங்கே விறகடுப்பு இருக்கும், குலசேகரம் ரோட்டுப் பக்கமென்றால் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற கொட்டகையில் நாள் முழுக்கத் தீ கனன்றுகொண்டிருக்கும். ரோட்டோரத்தில் நிற்கிற வண்டியில் ஒரு வால்வு லேசாகக் கசிந்தால் டிரைவருக்கு மூக்கில் வாடை ஏறுவதற்கு முன்பே கீழே இருக்கிற வீட்டுக்கு விருந்தாளி போய்ச் சேர்ந்திருப்பான். ஓடுகிற வண்டியில் கசிவு காற்றில் சிதறுகிறது, நிற்கிற வண்டியில்தான் அது ஓரிடத்தில் சேருகிறது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கிலிருந்து ஒன்பது பங்குவரை கேஸ் கலந்திருந்தால் ஒரு பொறி போதும்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிற பூச்சாண்டி என்று நினைக்க வேண்டாம். நம்ம வாசல் வழியே போகிற இதே 66-ஆம் நம்பர் ரோட்டில், கொல்லம் கருநாகப்பள்ளிப் பக்கம் 2009 டிசம்பர் 31 விடியற்காலையில் கேஸ் டேங்கரும் காரும் மோதின. கசிந்த கேஸ் பரவிப் பிறகுதான் தீப்பிடித்தது, பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். 2012 ஆகஸ்ட் 27 ராத்திரி கண்ணூர் சாலாவில் டேங்கர் ரோட்டு நடுவிலுள்ள டிவைடரில் மோதிக் கவிழ்ந்தது, 20 பேர். சாலாவில் செத்தவர்களில் வண்டிக்குள் இருந்தவர்கள் யாரும் இல்லை. ரோட்டோரத்து வீடுகளில் இருந்தவர்கள்.

கோயம்புத்தூரில் 2025 ஜனவரி 3-இல் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொச்சியிலிருந்து 18 டன் கேஸோடு வந்த வண்டி, அவினாசி ரோட்டு மேம்பாலத்தில் திரும்பும்போது கவிழ்ந்தது. கசிவு இருந்தது. தீயணைப்புக்காரர்கள் விடாமல் தண்ணீர் அடித்தார்கள், சுற்றியிருந்த ஸ்கூல்களுக்கு லீவு விட்டார்கள், மின்சாரத்தைத் துண்டித்தார்கள், மணிக்கணக்கில் போராடி வண்டியைத் தூக்கினார்கள். ஒரு உயிர் போகவில்லை. ஊர் நடுவில் நடந்தது, ஆனால் ஆட்களை நகர்த்தவும் பொறியை அண்டவிடாமல் வைக்கவும் அவர்களுக்கு நேரம் கிடைத்தது. அந்த நேரத்தைச் சம்பாதித்துக் கொடுப்பதுதான் டிரைவர் செய்யக்கூடிய மிகப்பெரிய வேலை. அவன் வண்டிப் பக்கத்தில் இல்லாமல் எதிர்ப்பக்கத்துக் கடையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்த நேரம் யாருக்கும் கிடைக்காது.

சரி, இடம் இல்லை என்று புலம்பி என்ன செய்ய, வண்டி ஓடத்தான் செய்கிறது. பையன்களுக்கு நான் சொல்கிறது இதுதான். நிறுத்த வேண்டிய இடத்தைக் கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்துகொள், பசி வந்தபிறகு தேடாதே. கிழக்கே போகிறவன் ஆரல்வாய்மொழி தாண்டிக் காவல்கிணறு வரை தம் கட்டினால் அகலமான இடம் கிடைக்கும், வடக்கே போகிறவன் நாகர்கோவிலுக்குள் நுழைவதற்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். வண்டியைப் போடும்போது முகம் வெளியே பார்த்து இருக்கட்டும், அவசரமென்றால் ரிவர்ஸ் எடுக்காமல் ஒரே இழுப்பில் கிளம்ப வேண்டும். மேலே மின்கம்பி போகிறதா பார். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடு, நம்ம ரோட்டில் சமதரை என்று ஒன்று கிடையாது. பேட்டரி மாஸ்டர் சுவிட்சை அணை. சாக்கடை வாய்க்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் வேண்டாம். தென்னைக்கு அடியிலும் வேண்டாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நான் ஓட்ட ஆரம்பித்த காலத்தில் ஒரு மூத்த அண்ணாச்சி இருந்தார், வண்டியை ஓரங்கட்டியதும் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி மூக்கால் மோந்து பார்ப்பார், ஒவ்வொரு வால்வாகக் கையை வைத்துப் பார்ப்பார், அதற்கப்புறம்தான் டவலை உதறித் தோளில் போடுவார். “லேய் மக்கா, வண்டி நின்னாச்சுன்னு உனக்க வேல முடிஞ்சுன்னு நெனைக்காத, இனிமதான் பாக்கணும் கேட்டியா” என்பார்.

காலி வண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பெரிய பெரிய ஆட்களே ஏமாறுகிறார்கள். பெட்ரோல் இறக்கியாயிற்று, டேங்க் காலி, இனி இது சாதா லாரிதானே என்று வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். காலி என்று நாம் சொல்கிற டேங்க் முழுக்க ஆவியும் காற்றும் கலந்து நிற்கிறது. நிறைய லோடு இருக்கும்போது உள்ளே காற்றுக்கு இடமில்லை, காலியானபிறகுதான் தீப்பிடிக்க வேண்டிய கலவை உள்ளே சரியாக அமைகிறது. மட்காடு உடைந்துவிட்டது, பின் லைட் பிராக்கெட் விட்டுவிட்டது என்று ரோட்டோர ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் வெல்டிங் வைக்கச் சொல்வது தற்கொலைக்குச் சமம். வெல்டரையும் சேர்த்து. டேங்கை முறைப்படி கழுவி ஆவி இல்லை என்று கருவியால் சோதித்துச் சான்று வாங்கின பிறகுதான் அதன்மேல் நெருப்பு வேலை செய்யலாம். அதை நம்ம ஊர் ரோட்டோர ஒர்க்‌ஷாப்பில் செய்ய முடியாது.

பாதி காலியான வண்டிக்கு வேறு குணம். ஒரு பெட்ரோல் பங்க்கில் பாதியை இறக்கிவிட்டு அடுத்த பங்க்குக்குப் போகும்போது, அரைக்குடத் தண்ணீரை இடுப்பில் வைத்து நடக்கிற மாதிரி, உள்ளே இருப்பது நம் பேச்சைக் கேட்காது. பிரேக் போட்டால் வண்டி நின்றபிறகும் முன்னால் ஒரு தள்ளு தள்ளும், வளைவில் திருப்பினால் திருப்பிய பக்கத்துக்கு எதிரே எல்லாம் போய்ச் சாயும். பெட்ரோல் வண்டியில் சேம்பர் சேம்பராகப் பிரித்திருப்பதால் கொஞ்சம் தேவலை. கேஸ் புல்லட்டில் அப்படிப் பிரிப்பு இல்லை, நிரப்பும்போதே 85 சதவீதத்துக்குமேல் நிரப்ப மாட்டார்கள், வெயிலில் விரிய இடம் வேண்டும், ஆகவே ஆட்டம் எப்போதும் இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் காலி வண்டி கையில் நிற்காது, காற்றாலைகளை அங்கே கொண்டுபோய் நட்டது சும்மா இல்லை. அந்தக் காற்றில் வண்டியை ஓரங்கட்ட நினைத்தால் கதவைத் திறக்கிற கையைக் கொஞ்சம் ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பங்கில் இறக்குவதும் நிறுத்துவதில்தான் சேர்த்தி. இங்கே பல பங்குகளின் முற்றம் சின்னது, டேங்கர் உள்ளே வந்தால் வால் ரோட்டில் நிற்கும். எஞ்சினை அணைத்து, எர்த் கிளிப்பை முதலில் மாட்டி, அப்புறம்தான் ஹோஸ். இறக்கி முடிகிற வரைக்கும் டிரைவர் வால்வுப் பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. வாடிக்கையாளர் அவசரப்படுகிறார் என்று பக்கத்து மெஷினில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுகிற பங்குகளைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும். டேங்கர் இறக்குகிற நேரத்தில் பங்கை மூடி வைத்தால் என்ன, உலகம் நின்றுவிடுமா?

டேங்கர் மட்டும்தான் ஆபத்துச் சரக்கு என்றும் இல்லை. குளச்சல், சின்னமுட்டம் பக்கத்து ஐஸ் பிளாண்டுகளுக்கு அமோனியா சிலிண்டர் போகிறது. ரப்பர் பால் உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் கேன் கேனாகப் போகிறது, அதை ஆட்டோவில் பின்சீட்டில் ஆளையும் ஏற்றி அவர் காலுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோகிறார்கள். குடிநீருக்குக் குளோரின் சிலிண்டர். தீபாவளிக்கு முன்னால் சிவகாசிச் சரக்கு.  இதில் பாதிக்கு மேல் லோடு ஆட்டோவிலும் மினி லாரியிலும் போகிறது, ஓட்டுகிறவனுக்கு எண்டார்ஸ்மென்ட் என்றால் என்னவென்றே தெரியாது. சிலிண்டரைப் படுக்கப்போட்டு உருளவிடாமல் நிமிர்த்திக் கட்டு, வால்வுக்கு மூடி போடு என்று சொல்லவும் ஆளில்லை.

டேங்கரின் இரண்டு பக்கமும் பின்னாலும் ஒரு பலகை இருக்கும், பார்த்திருப்பீர்கள். 134-வது விதி அதைக் கட்டாயமாக்குகிறது: சரக்கின் பெயர், நம்பர், சாய்சதுர லேபிள், கூப்பிட வேண்டிய போன் நம்பர். லேபிள் 250 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, பெயரும் போன் நம்பரும் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது, தூரத்திலிருந்தே படிக்க வேண்டும் என்பதற்காக. 1203 என்றால் பெட்ரோல், 1202 டீசல், 1075 சமையல் கேஸ், 1005 அமோனியா, 1830 கந்தக அமிலம். பெட்ரோல் வண்டியில் 3YE என்று, தீயணைக்க வருகிறவர்களுக்கான ஒரு குறியும் இருக்கும், தமிழில் மூன்று, ஒய், ஈ என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று என்றால் நுரை அடி. ஒய் என்றால் வெடித்துக் கிளம்பலாம், வாய்க்காலில் கலக்க விடாதே. ஈ என்றால் ஆட்களை வெளியேற்று. அந்த ஒய்யை நம்ம மாவட்டத்தில் இரண்டு தடவை படிக்க வேண்டும், ரோட்டுக்கு இந்தப் பக்கம் குளம், அந்தப் பக்கம் கால்வாய், குழித்துறையில் பாலத்துக்கு நேர் கீழே ஆறு. இந்தப் பலகையில் சேறு தெறித்து மறைந்திருந்தால் துடைத்துவிட்டுக் கிளம்பு என்று பையன்களை விரட்டுவேன். மழை இரண்டு பருவத்திலும் கொட்டுகிற ஊரில் இது தினசரி வேலை. டிரைவர் மயங்கிக் கிடந்தால் அவனுக்காகப் பேசப்போவது அந்தப் பலகைதான், தீயணைப்பு வண்டியில் வருகிறவர் முதலில் தேடுவதும் அதைத்தான்.

வண்டி கவிழ்ந்தோ கசிந்தோ போனால் என்ன செய்ய வேண்டும் என்பதில் சட்டம் கேட்கிறது கொஞ்சம்தான்: பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு உடனே சொல், ஓனருக்குச் சொல். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை உண்டு. எஞ்சினை அணை, மாஸ்டர் சுவிட்சை அணை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார், தென்னை ஓலையைப் பார்த்தாலே தெரியும், காற்று வருகிற பக்கமாக, மேட்டுப் பக்கமாக விலகு. இரண்டு பக்கமும் வண்டிகளை மறி, நிற்கிற வண்டிக்காரர்களிடம் எஞ்சினை அணைக்கச் சொல். கீழே விளைக்குள் வீடு இருந்தால் அடுப்பை அணைத்து, சுவிட்சைத் தொடாமல் வெளியே வரச் சொல். 112, தீயணைப்புக்கு 101, கேஸ் கசிவுக்கென்றே 1906. டிரெம் கார்டை எடுத்துக்கொண்டு இறங்கு, அதைக் கேபினில் விட்டுவிட்டு ஓடினால் எரியப்போவது முதலில் அதுதான்.

கூட்டத்தைச் சமாளிப்பது இதில் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். நம்ம ஆட்கள் ஓடிவந்து உதவுகிறவர்கள், அதில் சந்தேகமில்லை, பஸ் கவிழ்ந்தால் ஆம்புலன்ஸ் வருமுன் ஆளைத் தூக்கிவிடுவார்கள். ஆனால் அதே பழக்கம் டேங்கர் விஷயத்தில் கொன்றுவிடும். ஒருவர் போனில் வீடியோ எடுப்பார், ஒருவர் பைக்கை ஸ்டார்ட்டிலேயே விட்டு நிற்பார், பெட்ரோல் என்று தெரிந்தால் குடத்தோடு வருகிறவர்களும் உண்டு. பாகிஸ்தானில் பகவல்பூர்ப் பக்கம் 2017 ஜூன் 25-இல் கவிழ்ந்த டேங்கரிலிருந்து பெட்ரோல் அள்ள ஓடிவந்து 200 பேருக்கு மேல் கருகிப்போனார்கள். அப்போது டிரைவர் “தள்ளிப் போங்க” என்று கத்தினால் யாரும் கேட்க மாட்டார்கள், அடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவனே பாதி நேரம் ஓடிப்போகிறான். ஊர்க்காரர்களில் குரல் எடுபடுகிற ஒருவரைப் பிடி, சர்ச்சோ கோயிலோ பள்ளிவாசலோ மைக் இருந்தால் அதில் சொல்லச் சொல் என்றுதான் பையன்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நம்ம ஊரில் மைக் இல்லாத முடுக்கு கிடையாது.

இத்தனையும் டிரைவர் தலையில் ஏற்றிவிட்டு நான் ஓய முடியாது. விதிப்படி சரக்கை அனுப்புகிறவர்தான் முதல் பொறுப்பு, 131. வண்டி தகுதியானதா, முதலுதவியும் பாதுகாப்புச் சாமானும் இருக்கிறதா, டிரைவருக்குப் பயிற்சி இருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். அடுத்து ஓனர், 132, சரக்கைப் பற்றிய விவரத்தை எழுத்தில் டிரைவருக்குக் கொடுக்க வேண்டும், அவனுக்குப் புரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். நடைமுறையில் என்ன கொடுக்கிறார்கள்? ஜெராக்ஸ் எடுத்து ஜெராக்ஸ் எடுத்து எழுத்தே அழிந்துபோன ஆங்கிலக் கார்டு. ஆங்கிலம் படிக்கத் தெரியும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுத்தவன்தான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மழையில், மூக்கில் வாடை ஏறுகிற நேரத்தில் யாரும் ஆங்கிலம் படிக்க மாட்டார்கள். எங்கள் ஆபீஸில் ஒவ்வொரு சரக்குக்கும் தமிழில் அரைப்பக்கம் பெரிய எழுத்தில் அடித்து லேமினேட் செய்து கண்ணாடிக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறோம். கேரளா டிரைவர்கள் இரண்டு பேருக்கு மலையாளத்தில். பெரிய செலவில்லை. தப்பு பண்ணினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் கூட்டியிருக்கிறார்கள், அதோடு ஒப்பிட்டால் லேமினேஷன் காசு ஒன்றுமில்லை.

ஆனால் பார்க்கிங்குக்குக் காசு யார் தருவது என்று கேட்டால் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். சில பங்குகளில் ராத்திரி வண்டி போட இடம் தருகிறார்கள், சும்மா இல்லை. அந்தக் காசு டிரைவர் பேட்டாவில்தான் போகிறது. இருநூறு முந்நூறு மிச்சம் பிடிக்க அவன் ரோட்டோரம் போட்டுவிட்டுத் தூங்குகிறான். பார்க்கிங் ரசீதை டீசல் பில் மாதிரி ஓனர் கணக்கில் எடுத்துக்கொண்டால், அதைச் சரக்கு அனுப்புகிற கம்பெனி வாடகையில் சேர்த்துக் கொடுத்தால், பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்துவிடும். நான் இதை எங்கள் முதலாளியிடம் சொல்லிச் சம்மதிக்க வைக்கவே நாளாயிற்று.

மீதிப் பாதிக்கு இடம் வேண்டும், அதை மாவட்ட நிர்வாகமும் நெடுஞ்சாலைக்காரர்களும்தான் தர முடியும். நான்கு வழிச்சாலைக்கு எடுத்த நிலத்தில் அங்கங்கே கோணல்மாணலாகத் துண்டு விழுந்து கிடக்கிறது. களியக்காவிளைக்கும் தக்கலைக்கும் நடுவில் ஒன்று, தோவாளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவில் ஒன்று, ஒவ்வொன்றும் இரண்டு ஏக்கர் போதும். மேலே கம்பி போகாத இடம், பக்கத்தில் குளமும் வாய்க்காலும் இல்லாத இடம், வீடுகளைவிடத் தாழ்வான இடமாக இருந்தால் இன்னும் நல்லது. சுற்றிலும் கொஞ்சம் மண் திட்டு, தீயணைப்புக்குத் தண்ணீர்த் தொட்டி, பயிற்சி உள்ள காவலாளி ஒருவர், அவர் இருந்தால் டிரைவர் 133-ஐ மீறாமல் நான்கு மணி நேரம் தூங்கலாம். ஸ்கூல் நேரத்தில் வண்டியை மறிக்கிறவர்கள் அங்கே திருப்பிவிடலாம். இதை யூனியன் வழியாக மனுவாக எழுதியிருக்கிறோம். எழுதும்போது பெரியவர்கள் கேமரா வேண்டும், பெரிய வளைவு வேண்டும், போர்டு வேண்டும் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். நான் கக்கூஸும் குளிக்கத் தண்ணீரும் நல்ல சாயாவும் முதல் வரியில் இருக்கட்டும் என்றேன், அவை இல்லாவிட்டால் எத்தனை ஏக்கர் கொடுத்தாலும் பையன்கள் பழையபடி கடை வாசலில்தான் கொண்டுபோய்ப் போடுவார்கள்.